பழைய கிராமபோன் வாங்கி, பிரிச்சு, பாட வைக்கிறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

பழைய கிராமபோன் ஒண்ணு கைக்கு வந்த உடனே எல்லாரும் பண்ற முதல் வேலை, ஹேண்டில மாட்டி முட்டுற வரைக்கும் சாவி கொடுக்கறதுதான். அத மட்டும் பண்ணாதீங்க. அம்பது அறுபது வருஷமா சும்மா கிடந்த மெஷின் அது, உள்ள ஸ்பிரிங்குக்கு போட்ட கிரீஸ் காஞ்சு தார் ஆகியிருக்கும், வேகத்த கட்டுப்படுத்தற கவர்னர்ங்கற பாகத்துல ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது, அந்த நிலைமையில ஃபுல்லா சாவி கொடுத்தா ஸ்பிரிங் உடையலாம், இல்ல பல்சக்கரம் பல்லு போகலாம். நாலஞ்சு சுத்து கொடுத்து பாக்கறது தப்பில்ல, சோதனைக்கு அது போதும்.

இன்னொரு விஷயமும் ஆரம்பத்துலயே தெரிஞ்சுக்கோங்க. "ஓடாது", "சத்தமே வரல", "கரகரன்னு இருக்கு"ன்னு வர்ற மெஷின்ல பெரும்பாலானதுக்கு வியாதி ரெண்டே ரெண்டுதான்: ஒண்ணு காஞ்ச கிரீஸ், இன்னொண்ணு கெட்டியாப்போன ரப்பர். இரும்பும் பித்தளையும் நூறு வருஷம் தாங்கும், இது ரெண்டும் தாங்காது. இத மனசுல வச்சுக்கிட்டா பாதி பயம் போயிடும், தேவையில்லாம எல்லாத்தையும் கழட்டிப் போடற ஆசையும் குறையும்.

முதல்ல எத வாங்கறது

பெரிசா ரெண்டு குடும்பம். ஒண்ணு சிலிண்டர் மெஷின், அதாவது எடிசன் 1877ல கண்டுபிடிச்ச ஃபோனோகிராஃப் வழியில வந்தது, மெழுகு உருளையில பாட்டு இருக்கும். இன்னொண்ணு எமில் பெர்லினர் 1887ல கொண்டுவந்த கிராமபோன், தட்டையான இசைத்தட்டு. நம்ம ஆளுங்க ரெண்டையும் கிராமபோன்னுதான் சொல்லுவோம், பரவாயில்ல, ஆனா வாங்கும்போது எதுன்னு தெரிஞ்சு வாங்கணும், ஏன்னா ரெக்கார்டு, ஊசி, ரிப்பேர் எல்லாமே வேற வேற.

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது தட்டு ஓடற மெஷின், அதுலயும் பெட்டி மாதிரி மூடி தூக்கிட்டுப் போற போர்ட்டபிள். எச்.எம்.வி 102 மாதிரி மாடல் எல்லாம் 1931லருந்து ஐம்பதுகள் வரைக்கும் வந்துச்சு, நிறைய செஞ்சதால இன்னும் நிறைய இருக்கு, உதிரி பாகமும் கிடைக்கும். எல்லாருக்கும் கண்ணு போறது பெரிய ஹாரன் வச்ச மெஷின் மேலதான், போட்டோவுக்கு அழகு, ஒத்துக்கறேன். ஆனா ஏமாத்து வேலை அதிகமா நடக்கற இடமும் அதுதான். ரெண்டாவது மெஷினா வாங்குங்க.

போலி ஹாரன் மெஷின எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேப்பீங்க. பளபளன்னு புது பித்தளைல முழு ஹாரன், அதுவும் மெல்லிசு தகடுல செஞ்சது இருந்தா சந்தேகப்படுங்க. அசல் கம்பெனி ஹாரன் பெரும்பாலும் பெயிண்ட் அடிச்ச இரும்புத் தகடு, கொஞ்சம் மரம், சிலதுல வாய்ப்பகுதி மட்டும் பித்தளை. முழு பித்தளை ஹாரனோட வந்த அசல் மெஷினும் உண்டு, ஆனா குறைவு. பெட்டி ஆறு மூலை எட்டு மூலைன்னு அலங்காரமா இருக்கறது, முன்னாடி பித்தளை வில்லையில நாய் படம் போட்டு ஆணி அடிச்சிருக்கறது, ஹாரன தாங்கற முழங்கை பைப்பு தடியா கரடுமுரடா இருக்கறது, இதெல்லாம் அடையாளம். எல்லாத்துக்கும் மேல ஒரு நல்ல சோதனை இருக்கு: டோன் ஆர்ம, அதாவது ஊசிப் பக்கத்த தாங்கற பைப்புக் கைய, உள்பக்கமா நகத்தி ஊசி முனை தட்டு மாட்டற நடு கம்பிக்கு பக்கத்துல எங்க போகுதுன்னு பாருங்க. அசல்ல அது கம்பிய ஒட்டியோ ரொம்ப பக்கமாவோ போகும். போலியில விரல் அளவு தள்ளிப் போகும், ஏன்னா ஏதோ ஒரு உடைஞ்ச போர்ட்டபிள் மோட்டார எடுத்து புதுப் பெட்டிக்குள்ள வச்சு, கை போன இடத்துல டோன் ஆர்ம திருகியிருப்பாங்க. அந்த கோணத்துல ரெக்கார்டு ஓட்டினா தட்டு அரைஞ்சு போகும்.

அசல்தான்னு தெரிஞ்சா அடுத்து பாக்க வேண்டியது:

- சவுண்ட் பாக்ஸ், அதாவது ஊசி மாட்டற வட்ட டப்பா, இருக்கா, உள்ள இருக்கற தகடு முழுசா இருக்கா. சிலிண்டர் மெஷின்னா அதே வேலைய செய்யற ரெப்ரொடியூசர் இருக்கான்னு முதல்ல பாருங்க. அது இல்லாத மெஷின விலை குறைவா தர்றேன்னாலும் யோசிங்க, தனியா தேடி வாங்கறது பெரும்பாடு.
- டோன் ஆர்ம்லயும் சவுண்ட் பாக்ஸ் பின்பக்கத்துலயும் சாம்பல் கலர்ல வார்ப்பு உலோகம் இருந்தா விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. இருபதுகள்லயும் முப்பதுகள்லயும் வந்த நிறைய மெஷின்ல துத்தநாகக் கலவை வார்ப்பு போட்டிருக்காங்க, அதுல இருந்த அசுத்தத்தால காலப்போக்குல உள்ளயே அரிச்சு, உப்பி, வெடிச்சு, கையில தொட்டா உதிர்ற அளவுக்குப் போயிடும். இதுக்கு ரிப்பேர் கிடையாது. இறுகிப்போன வார்ப்பு பாகத்த முறுக்கி இழுக்கவும் கூடாது.
- நாலு சுத்து சாவி கொடுத்து பிரேக்க விடுங்க. தட்டு மெதுவா சுத்தினாக்கூட நல்ல செய்தி. சுத்தாம நின்னாலும் பயப்படாதீங்க. ஹேண்டில் எவ்வளவு சுத்தினாலும் எதிர்ப்பே இல்லாம சுத்திக்கிட்டே இருந்தா ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு, இல்ல கொக்கி கழண்டிருக்கு.
- மரத்துல பூச்சி ஓட்டை, அடியில புதுசா மாவு கொட்டி இருக்கா.

பிரிக்கறதுக்கு முன்னாடி

ஸ்க்ரூடிரைவர் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பழைய ஸ்க்ரூ காடி மெல்லிசா இருக்கும், சரியா பொருந்தாத டிரைவர வச்சு அழுத்தித் திருகினா தலை சிதைஞ்சிடும். அந்த ஸ்க்ரூவோட மரை இப்ப கடையில கிடைக்கிற எதோடயும் பொருந்தாம இருக்க வாய்ப்பு அதிகம், அதனால தொலைச்சா தொலைச்சதுதான். காடிக்கு ஏத்த மாதிரி நாலஞ்சு சைஸ் வச்சுக்கோங்க, தேவைப்பட்டா முனைய அரம் போட்டு சரி பண்ணிக்கோங்க. வராத ஸ்க்ரூவுக்கு துரு இளக்கற எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி பூரா விடுங்க.

ஒவ்வொரு ஸ்க்ரூ கழட்டும்போதும் போன்ல ஒரு போட்டோ. கழட்டினத ஐஸ் ட்ரேல வரிசையா போட்டு வச்சா திரும்ப மாட்டும்போது கடைசி குழியிலருந்து பின்னாடியே வரலாம்.

டர்ன்டேபிள, அதாவது ரெக்கார்டு வைக்கிற சுழல் தட்ட, கழட்டணும். சிலதுல நடுவுல ஒரு கிளிப் இருக்கும், நிறைய மெஷின்ல கூம்புக் கம்பி மேல இறுகி உக்காந்திருக்கும். ரெண்டு பக்கமும் அடியில கைய வச்சு மேல தூக்கிக்கிட்டே, இன்னொருத்தர கம்பி தலையில மரக்கட்டை வச்சு லேசா தட்டச் சொல்லுங்க. இரும்பு சுத்தியலால நேரா அடிக்காதீங்க.

இப்ப முக்கியமானது. மோட்டார்ல எதையும் கழட்டறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் சாவி முழுசா இறங்கியிருக்கணும். பிரேக்க விட்டு, அதுவா சுத்தி சுத்தி நிக்கற வரைக்கும் விடுங்க. ஸ்பிரிங்க பிடிச்சு வச்சிருக்கறது கவர்னர்தான், சாவி இருக்கும்போது கவர்னர கழட்டினா மொத்த சக்தியும் ஒரே நொடியில வெளிய வரும், பல்சக்கரம் பல்லு உதிரும், விரல் இருந்தா விரலும் போகும். மெஷின் இறுகி நிக்குது, சுத்தவும் மாட்டேங்குது, ஆனா உள்ள சாவி இருக்குன்னா அத மட்டும் நீங்க தொடாதீங்க, அனுபவம் உள்ளவர்கிட்ட கொடுங்க. இதுல வீரம் காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல.

மோட்டார்

மேல் பலகைய அஞ்சாறு ஸ்க்ரூ பிடிச்சிருக்கும், எடுத்தா மோட்டார் அதோடவே வரும். பாத்த உடனே கருப்பா பிசுபிசுன்னு இருக்கும், சில இடத்துல கிரீஸ் பச்சையா பித்தளை மேல காஞ்சு ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய்ல பழைய டூத் பிரஷ் நனைச்சு பல்சக்கரம், பேரிங் ஓட்டை, கம்பி எல்லாம் தேய்ச்சு எடுங்க. பேரிங் ஓட்டைக்குள்ள பல்குத்தி குச்சியில துணி சுத்தி விட்டு சுத்தம் பண்ணா உள்ளருந்து வர்ற கருப்ப பாத்து ஆச்சரியப்படுவீங்க. வீட்டுக்குள்ள பண்ணாதீங்க, காத்தோட்டமான இடமா பாருங்க, பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

காஞ்ச பிறகு, வேகமா சுத்தற மெல்லிசு கம்பி எல்லாத்துக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. மெதுவா சுத்தற பெரிய பல்சக்கரத்துக்கு லேசா கிரீஸ். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், ஆறே மாசத்துல பிசின் ஆயிடும். டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரேய உள்ள அடிச்சுட்டு சர்வீஸ் பண்ணிட்டேன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, அது துரு இளக்க உதவும், ஆனா கொஞ்ச நாள்லயே ஆவியாகி காஞ்சு போயிடும். அது போட்டா மேல திரும்ப எண்ணெய் போட்டே ஆகணும்.

கவர்னர கொஞ்சம் கிட்டக்க பாருங்க. ஒரு மெல்லிசு கம்பி, அத சுத்தி மூணு ஈயக் குண்டு, ஒவ்வொண்ணும் ஒரு பட்டை ஸ்பிரிங்ல. வேகம் ஏற ஏற குண்டு வெளிய விரியும், விரிஞ்சா ஒரு பக்கத்துல இருக்கற வட்டத் தகடு நகர்ந்து வந்து ஒரு தோல் துண்டுல உரசும், உரசினா வேகம் குறையும். வேகத்த கூட்டற குறைக்கற திருகு அந்த தோல முன்ன பின்ன நகத்துது, அவ்வளவுதான். அந்த தோல் காஞ்சிருந்தா கீச்சுன்னு சத்தம் வரும், பாட்டு ஏறி இறங்கி அலையும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊற விட்டாலே பாதி மெஷின் சரியாயிடும். பட்டை ஸ்பிரிங்ல ஒண்ணு உடைஞ்சிருந்தாலோ வளைஞ்சிருந்தாலோ மூணையும் சேத்து மாத்துங்க, ஒண்ண மட்டும் மாத்தினா எடை சமமா விரியாம மோட்டார் பூரா அதிரும். கவர்னர் கம்பி ரெண்டு முனையிலயும் மயிரிழை அளவு ஆட்டம் இருக்கணும், ரொம்ப இறுக்கினா நிக்கும், லூசா விட்டா கடகடன்னு அடிக்கும்.

பெரிய ஸ்பிரிங்

பாட்டு ஓடும்போது நடு நடுவுல உள்ளருந்து "டொம்"னு ஒரு அதிர்வு வருதா? அது ஸ்பிரிங் டப்பாவுக்குள்ள சுருள் ஒண்ணோட ஒண்ணு காஞ்ச கிரீஸால ஒட்டி, திடீர்னு விடுபடற சத்தம். இதுக்கு டப்பாவ தொறந்து ஸ்பிரிங்க வெளிய எடுத்து கழுவி, புது கிரீஸ் போடறது தவிர வழி இல்ல.

என் கருத்த கேட்டா, முதல் தடவை இத தனியா பண்ணாதீங்க, பண்ண ஒருத்தர் பக்கத்துல இருக்கட்டும். சாவி முழுசா இறங்கினாலும் டப்பாவுக்குள்ள ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கு, அது பல மீட்டர் நீள எஃகுப் பட்டை, ஓரம் கத்தி. தடிமனான தோல் கையுறை, கண்ணுக்கு கண்ணாடி, முழுக்கை சட்டை. மூடிய எடுத்ததும் எந்தப் பக்கமா சுருண்டிருக்குன்னு போட்டோ எடுங்க. டப்பாவ ஒரு பக்கெட்டுக்குள்ள வச்சு, நடு முனையிலருந்து ஒவ்வொரு சுருளா, ஒரு கையால மீதிய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே வெளிய விடணும். கடைசி சுருள் வெளிப்பக்க கொக்கியில மாட்டியிருக்கும், அத விடுவிச்சா முடிஞ்சது. திரும்ப போடும்போது வெளிமுனைய கொக்கியில மாட்டிட்டு, வெளியிலருந்து உள்ளாக்க கையாலயே சுருட்டி சுருட்டி உள்ள தள்ளணும். கை வலிக்கும், நடுவுல விட்டுட முடியாது, அதனால அவசரமா எங்கயும் போக வேண்டியில்லாத நாளா பாத்து ஆரம்பிங்க.

அந்தக் காலத்துல கிராஃபைட் பொடிய வாசலின்ல குழைச்சு போடுவாங்க, இப்பவும் அது வேலை செய்யும். நல்ல மாலிப்டினம் கிரீஸ் கிடைச்சா அதுவும் சரி. நிறைய போட்டா நல்லதுன்னு இல்ல, பட்டை மேல மெல்லிசா படிஞ்சா போதும், மிச்சம் மூடி வழியா கசிஞ்சு கவர்னர் மேல தெறிக்கும்.

உடைஞ்ச ஸ்பிரிங்குக்கு மாத்து வாங்கணும்னா அகலம், தடிமன், நீளம், ரெண்டு முனையும் எப்படி முடியுது (ஓட்டையா, கொக்கியா), இந்த நாலும் தெரியணும். "பெரிய ஸ்பிரிங் ஒண்ணு"ன்னு கேட்டா யாராலயும் கொடுக்க முடியாது. இன்னொண்ணு, "ஓவரா சாவி கொடுத்ததால ரிப்பேர்"னு சொல்லி வர்ற மெஷின் எல்லாம் உண்மையில கிரீஸ் இறுகின மெஷின்தான். முழுசா சாவி கொடுக்கறதுக்குத்தான் அந்த ஸ்பிரிங்கே செஞ்சிருக்கு. பாடி முடிச்சதும் சாவிய இறக்கி வைக்கறது மட்டும் பழக்கமா வச்சுக்கோங்க.

சவுண்ட் பாக்ஸ்

எனக்குப் பிடிச்ச வேலை இது. மோட்டார் எவ்வளவு நல்லா ஓடினாலும் பாட்டு கேக்கறது இந்த வட்டமான டப்பாவுலதான், புதுசா வர்றவங்க இதத்தான் கடைசியா பாக்கறாங்க.

ஊசி தட்டோட வரியில இடதும் வலதுமா ஆடுது, ஊசிய பிடிச்சிருக்கற குட்டி நெம்புகோல் அந்த ஆட்டத்த மேல கொண்டுபோய் ஒரு மெல்லிசு தகடோட நடுவுல கொடுக்குது, தகடு அதிர்ந்து காத்த தள்ளுது, அந்தக் காத்து டோன் ஆர்ம் வழியா ஹாரனுக்குப் போகுது. கரண்டு இல்ல, ஆம்ப்ளிஃபயர் இல்ல. அந்தத் தகடு ரெண்டு பக்கமும் ரப்பர் வளையத்துக்கு நடுவுல மிதக்கணும். ரப்பர் கெட்டியானா தகடு ஆட முடியாது, ஓரத்துல காத்தும் கசியும், விளைவு என்ன? கீழ்ஸ்தாயி காணாமப் போயி, தகர டப்பாவுக்குள்ள யாரோ கத்தற மாதிரி கேக்கும், சத்தம் ஏறும்போது பர்ர்ருன்னு அதிரும்.

பழைய சவுண்ட் பாக்ஸ்ல தகடு மைக்கா, அதான் காக்காப்பொன். 1925 வாக்குல மைக் வச்சு மின்சாரத்துல பதிவு பண்ற முறை வந்த பிறகு அலுமினியத் தகடு வர ஆரம்பிச்சுது. அலுமினியத் தகடு உள்ள சவுண்ட் பாக்ஸ புதுசா வர்றவங்க தொறக்காதீங்க, தகடு பேப்பர் மெல்லிசு, சில மாடல்ல நெம்புகோல் கடுகவிட சின்ன குண்டு பேரிங் மேல உக்காந்திருக்கும், தொறந்த உடனே தரையில சிதறிடும். மைக்கா சவுண்ட் பாக்ஸ்ல பழகுங்க.

1. வெள்ளைத் துணி விரிச்சு அது மேல வேலை பாருங்க. ஊசிய எடுத்துடுங்க.

2. மைக்கா நடுவுல நெம்புகோல் கால பிடிச்சிருக்கற குட்டி ஸ்க்ரூவ கழட்டுங்க. மெழுகு வச்சு அடைச்சிருப்பாங்க, வெதுவெதுப்பான ஸ்க்ரூடிரைவர் முனைய ஒரு நிமிஷம் வச்சா இளகும். மைக்காவ அழுத்தாதீங்க, நடு ஓட்டையிலருந்து விரிசல் விட்டா அவ்வளவுதான்.

3. பின் தட்ட பிடிச்சிருக்கற மூணு ஸ்க்ரூவ எடுத்தா டப்பா ரெண்டா பிரியும். பழைய ரப்பர் ஓடு மாதிரி இறுகி, வளைச்சா படக்குனு உடையும். மரக்குச்சியால சுரண்டி எடுங்க, இரும்பு முனை வேண்டாம், ரப்பர் உக்கார்ற இடத்துல கீறல் விழுந்தா அங்கதான் காத்து கசியும்.

4. மைக்காவ வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க. ஓரத்துல லேசா வெள்ளையா ஏடு பிரிஞ்சிருந்தா ஓட்டலாம், நடுவுல பிரிஞ்சிருந்தாலோ விரிசல் இருந்தாலோ அதே விட்டத்துல வேற மைக்கா போடணும். ரெண்டு மூணு ஏடா பிரிஞ்ச மைக்கா கண்டிப்பா பர்ர்ருங்கும்.

5. புது ரப்பர் டியூப், உள்ள ஓட்டையோட இருக்கற மெல்லிசு வெள்ளை டியூப், பெரும்பாலான மைக்கா சவுண்ட் பாக்ஸுக்கு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் ஒத்துவரும், ஆனாலும் காடிய அளந்துட்டு வாங்குங்க. வளையமா உள்ள படுக்க வச்சு, ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு சரியா முட்டற மாதிரி வெட்டுங்க. இடைவெளி இருந்தா கசியும், ஏறி உக்காந்தா அந்த இடத்துல மைக்கா சாஞ்சிடும். இழுத்து நீட்டி வெட்டாதீங்க, ரெண்டு நாள்ல சுருங்கி இடைவெளி வந்துரும்.

6. ஒரு வளையம், அது மேல மைக்கா சரியா நடுவுல, மேல இன்னொரு வளையம், பின் தட்டு. மூணு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ரப்பர் லேசா அமுங்கினா போதும், நசுக்கக் கூடாது.

7. இனிமேதான் பொறுமை வேணும். நெம்புகோல் கால மைக்காவுல மாட்டறதுக்கு முன்னாடி அது தானா எங்க நிக்குதுன்னு பாருங்க. கால் மைக்காவ தொட்டும் தொடாமலும் நிக்கணும். தள்ளி நின்னா ஸ்க்ரூ போடும்போது மைக்காவ இழுக்கும், அழுத்திக்கிட்டு நின்னா தள்ளும், ரெண்டுலயும் பாட்டு நசுங்கிக் கேக்கும். பக்கத்துல இருக்கற ஸ்பிரிங் ஸ்க்ரூக்கள கால் சுத்து அரை சுத்துன்னு திருப்பி அந்த இடத்துக்கு கொண்டு வாங்க. வந்த பிறகு குட்டி ஸ்க்ரூவ போட்டு, மேல ஒரு சின்ன சொட்டு தேன்மெழுகு.

சரியா வந்திருக்கான்னு தெரிஞ்சுக்க, ஊசி மாட்டி டோன் ஆர்ம்ல பொருத்திட்டு ஊசி நுனிய நகத்தால லேசா தட்டுங்க. ஹாரன்லருந்து தெளிவா "டொக்"னு வரணும். "டிக்"னு மெல்லிசா வந்தா திரும்ப ஏழாவது படி. சவுண்ட் பாக்ஸ் பின்னாடி டோன் ஆர்மோட சேர்ற இடத்துலயும் ஒரு ரப்பர் இருக்கும், அதையும் மறக்காதீங்க, அங்க கசிஞ்சா மேல பண்ண வேலை எல்லாம் வீண்.

ஊசி

இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. ஒரு பக்கம் பாடி முடிஞ்சா தூக்கிப் போடணும். "பாத்தா கூர்மையாத்தானே இருக்கு"ன்னு எல்லாரும் கேப்பாங்க. பழைய தட்டு அரக்குல செஞ்சது, அதுல வேணும்னே கல்லுப் பொடி கலந்திருக்காங்க, ஊசி ஓட ஆரம்பிச்ச உடனே வரிக்கு ஏத்த மாதிரி முனைய அரைச்சு வடிவம் கொடுக்கறதுக்காக. ஒரு பக்கம் முடியும்போது முனையில ரெண்டு பக்கமும் தட்டையா உளி ஓரம் வந்திருக்கும், லென்ஸ்ல பாத்தா நல்லாவே தெரியும். அத இன்னொரு தட்டுல வச்சா அந்த உளி வரிய செதுக்கும். தட்டு மேல சாம்பல் கலர் பளபளப்பு தெரிஞ்சா அது ஏற்கனவே யாரோ இப்படி செதுக்கினதுன்னு அர்த்தம்.

தடிமனான ஊசி சத்தமா பாடும், மெல்லிசு ஊசி மெதுவா பாடும், வால்யூம் கன்ட்ரோல்னு இதுல வேற எதுவும் இல்ல. பழைய டப்பாவுல துரு பிடிச்ச ஊசி கிடைச்சா டப்பாவ மட்டும் அழகுக்கு வச்சுக்கோங்க.

எந்த ரெக்கார்ட ஓட்டலாம், எத ஓட்டக் கூடாது

எல்.பி, 45 தட்டு எதையும் இதுல வைக்காதீங்க. சவுண்ட் பாக்ஸோட கனம் ஊசி மேல 100 கிராமுக்கு மேல இறங்குது, எல்.பி பிளேயர்ல ரெண்டு மூணு கிராம்தான். ஒரே தடவையில வரி உழுது போயிடும். நாப்பதுகள்லருந்து சில 78 தட்டுகளே (நிமிஷத்துக்கு 78 சுத்து ஓடற பழைய வகை) வினைல்ல வந்திருக்கு, லேசா வளைஞ்சு கொடுத்தா, கனம் இல்லாம இருந்தா அத ஓட்டாதீங்க. ஐம்பதுகள்ல வந்த அரக்கு தட்டையும் நான் பழைய மெஷின்ல ஓட்ட மாட்டேன், எலக்ட்ரிக் பிளேயர்தான் அதுக்கு நல்லது. மைக்கா மெஷினுக்கு 1925க்கு முந்தின தட்டு, போர்ட்டபிளுக்கு முப்பதுகள் தட்டுன்னு வச்சுக்கிட்டா ரெண்டும் சுகமா இருக்கும், அந்தந்த காலத்து தட்டு அந்தந்த மெஷின்ல பாடற விதமே தனி.

ரொம்ப தடியா, கால் அங்குல தடிமன்ல ஒரு தட்டு கிடைச்சா அது எடிசன் டைமண்ட் டிஸ்க்கா இருக்கும், 1912ல வந்தது, நிமிஷத்துக்கு 80 சுத்து வேகத்துல ஓடணும். அதுல வரி பக்கவாட்டுல ஆடாது, மேலயும் கீழயும் ஏறி இறங்கும், அதனால சாதாரண இரும்பு ஊசிய அதுல வச்சா பாட்டும் வராது, தட்டும் வீணாயிடும். பாத்தேங்கற கம்பெனியோட தட்டுகள்லயும் நிறைய இதே கதை.

வேகம் சரி பண்ண தட்டு ஓரத்துல ஒரு சின்ன வெள்ளைப் பேப்பர் துண்டு சொருகி, ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க, 78 வரணும். ஊசி தட்டுல இறங்கி பாடும்போதுதான் எண்ணணும், சும்மா சுத்தும்போது எண்ணி வச்சா, அப்புறம் ஊசி இறங்கினதும் அந்த இழுப்புல வேகம் குறையும். 1925க்கு முந்தின தட்டு நிறைய 78ல பதிவு பண்ணதே இல்ல, கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும், பாடறவங்க குரல் இயல்பா வர்ற இடத்துல காது சொல்றபடி நிறுத்திக்கோங்க.

கழுவணும்னா வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட், மெல்லிசு பிரஷ், வரி போற திசையில. லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட், சானிடைசர், ஆல்கஹால் கலந்த எதுவும் கிட்டயே வரக் கூடாது, அரக்கு அதுல கரைஞ்சிடும். நிக்க வச்சு அடுக்குங்க, சாய விடாதீங்க.

சிலிண்டர் மெஷினுக்கு வந்தா

ரெண்டு நிமிஷ உருளைக்கும் நாலு நிமிஷ உருளைக்கும் வரி நெருக்கம் வேற, அங்குலத்துக்கு 100, 200. 1908ல நாலு நிமிஷம் வந்துச்சு. ரெப்ரொடியூசரும் அதுக்கு ஏத்ததா இருக்கணும், எடிசனோடதுல சி-ன்னு போட்டிருந்தா ரெண்டு நிமிஷம், எச்-ன்னா நாலு நிமிஷம். நீலக் கலர் உருளை, 1912லருந்து வந்தது, செல்லுலாய்டு, உள்ள பிளாஸ்டர், கொஞ்சம் தைரியமா கையாளலாம். மெழுகு உருளை அப்படி இல்ல. உள்பக்கம் ரெண்டு விரல விரிச்சு தூக்கணும், மேல் பரப்ப தொடக் கூடாது, தண்ணி படக் கூடாது, குளிர்ந்த இடத்துலருந்து எடுத்து உடனே கை சூட்டுல வச்சா சத்தமே இல்லாம விரிசல் விடும். வெள்ளை வெள்ளையா பூஞ்சை பிடிச்சது திரும்ப வராது.

ஓட்டறதுக்கு முன்னாடி ரெப்ரொடியூசர்ல இருக்கற நீலக்கல் முனைய நல்ல லென்ஸ்ல பாருங்க. ஒரு பொடி உடைஞ்சிருந்தாலும் அது மெழுக உளியா இழுத்துடும். நீள திருகுக் கம்பியில ஓடற அரை நட்ட லேசா உக்கார வைங்க, அழுத்தினா திருகு மரை தேயும், அத மாத்தறது கஷ்டம். தோல் பெல்ட்டு வழுக்கினா வேகம் அலையும், பெரும்பாலும் புது பெல்ட்டு போட்டா போதும். 1902க்கு அப்புறம் வந்த வார்ப்பு உருளைக்கு வேகம் நிமிஷத்துக்கு 160 சுத்து.

மரமும் பூச்சும்

பெட்டிய பாலிஷ் போட்டு புதுசாக்கணும்னு கை பரபரக்கும். அடக்கிக்கோங்க. பழைய பூச்சும் பல மெஷின்ல அரக்குதான், ஸ்பிரிட் பட்டா கையோட வந்துரும், கம்பெனி பேர் போட்ட ஸ்டிக்கர் பூச்சும் கூடவே போயிடும். ஈரம் பிழிஞ்ச துணி, அப்புறம் மெல்லிசா மெழுகு, அது போதும். நிக்கல் பூச்சு ரொம்ப மெல்லிசு, பித்தளை பாலிஷ் போட்டு தேய்ச்சா ரெண்டு தடவையில அடியில மஞ்சள் தெரியும். சேகரிக்கறவங்க தேடறது பழசாவே இருக்கற பழச, மினுக்கினத இல்ல.

எல்லாம் முடிஞ்சு பாட வச்ச பிறகு சின்னச் சின்ன தொந்தரவு வரும். ஊசி ஒரே வரியில சுத்திக்கிட்டு இருந்தா தட்டுல கீறலா இருக்கலாம், ஆனா எல்லா தட்டுலயும் அப்படின்னா டோன் ஆர்ம் அடி பேரிங் இறுகியிருக்கு, அத கழட்டி சுத்தம் பண்ணி லேசா கிரீஸ் போடுங்க. ஊசி வழுக்கி தட்டு மேல ஓடினா மெஷின் மட்டமா நிக்குதான்னு பாருங்க. பாட்டு கடைசியில மட்டும் வேகம் குறைஞ்சா ஸ்பிரிங் கிரீஸ் இறுகுது, இல்ல கவர்னர் தோல் காயுது. ஒரே ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் பர்ர்ருன்னா சவுண்ட் பாக்ஸ்ல தப்பே இருக்காதுன்னு சொல்ல வரல, ஆனா முதல்ல ஊசி ஸ்க்ரூ இறுக்கமா இருக்கா, ஹாரன் மூட்டு லூசா இருக்கா, மூடி கீல் அதிருதான்னு ஒவ்வொண்ணா விரல வச்சு அமுக்கிப் பாருங்க. எங்க அமுக்கினா சத்தம் நிக்குதோ அங்கதான் வேலை.